தெரியாத மாதிரி

ஒரு சந்தேகம் மனதை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், தனக்குத் தெரிந்ததைத் தெரியாத மாதிரி காட்டிக்கொள்ளப் பழகிவிட்டாளோ என்று. பள்ளியிலிருந்து புகார் எதுவும் வரவில்லை. காலையில் வயிறு வலிக்கிறது என்று அவள் சுருண்டு படுத்துக்கொள்வதும் இல்லை; வேன் வந்துவிடும் என்று அவள்தான் என்னை விரட்டுகிறாள். கணக்கு நோட்டின் ஒரு பக்கம்தான் என் கண்ணை விட்டுப் போக மறுக்கிறது. கட்டம் போட்ட நோட்டு, கட்டத்துக்கு ஓர் எண். பதிமூன்றில் ஆறு போனால் எவ்வளவு என்ற கணக்குக்கு எதிரில் முதலில் 7 எழுதியிருக்கிறாள். பிறகு அதை ரப்பரால் அழித்துவிட்டு 8 போட்டிருக்கிறாள். எட்டின்மேல் மிஸ்ஸின் சிவப்பு மை. அழித்த இடத்தில் தாள் நைந்து நூல்நூலாக எழும்பியிருக்கிறது. ஏழின் தலைக்கோடு பள்ளமாகத் தங்கியிருப்பது விரலால் தடவினால் தட்டுப்படுகிறது. கீழே இருக்கும் கணக்குகளிலும் இதே கதைதான். தெரியாமல் தடுமாறி அழிப்பது வேறு, சரியாக எழுதிவிட்டு யோசித்து அழிப்பது வேறு. அந்தத் தாளைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஏன் கண்ணு மாத்தின என்று கேட்டேன். "பக்கத்துல அவளும் எட்டுதாம்மா போட்டா" என்றாள். சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்குத்தான் அந்தப் பதில் தொண்டையில் நிற்கிறது.

அவளைப் பற்றி மேதை, அதிபுத்திசாலி என்றெல்லாம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அந்தச் சொற்கள் ஆறு வயது உடம்புக்குப் பெரிய சட்டை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். நான்கு வயது நிறைவதற்கு முன்பே, பஜ்ஜி மடித்துக் கொடுத்த செய்தித்தாளை எண்ணெய்க் கறையோடு தரையில் விரித்துவைத்துப் படித்தாள். யாரும் உட்காரவைத்து அ, ஆ சொல்லிக்கொடுக்கவில்லை. திருச்சி டவுன் பஸ்களின் நெற்றியில் சத்திரம், ஸ்ரீரங்கம், துவாக்குடி என்று எழுதியிருப்பதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, அதிலிருந்தே எழுத்துகளைப் பிரித்து எடுத்துக்கொண்டாள். ஸ்ரீ என்ற எழுத்து மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு துணிக்கடை லிஃப்டில் மைனஸ் ஒன்று என்ற பொத்தானைப் பார்த்துவிட்டு, பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் மாடி உண்டா, அதற்கும் கீழே போனால் எங்கே முடியும் என்று கேட்டாள். முடியாது என்று அவள் அப்பா சொன்னார். அன்று இரவு வெகுநேரம் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தாள். பயமா இருக்கா என்றேன். "இல்ல, இன்னும் கீழே போய்க்கிட்டிருக்கேன்" என்றாள். இந்த மாதிரிக் குழந்தைகள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். உலகத்தில் இல்லாத அதிசயம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இருட்டில் படுத்துக்கொண்டு மைனஸ் எண்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்த குழந்தை, பதிமூன்றில் ஆறைக் கழிக்கும்போது தோழியின் எட்டைப் பார்த்துத் தன் ஏழை அழிக்கிறாள் என்றால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று அவளிடமே மெல்ல மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எழுதி முடித்த பிள்ளை கையைத் தூக்க வேண்டும். மிஸ் வந்து பார்ப்பார். சரி என்றால் ஸ்டார் போடுவார். அதன் பிறகு? "ஹெட் டவுன்" என்றாள். தலையை டெஸ்க்கில் கவிழ்த்துப் படுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வாயில் விரல் வைத்து உட்கார வேண்டும், மற்றவர்கள் முடிக்கும்வரை. டெஸ்க் மரத்தில் பழைய பிள்ளைகள் காம்பஸால் கீறிய பெயர்களை எல்லாம் அவள் மனப்பாடமாகச் சொல்கிறாள்; கன்னத்தை வைத்துப் படுத்தால் எந்தப் பெயர் மூக்குக்கு நேராக வரும் என்பதுகூடத் தெரிகிறது. அவளுடைய ஒன்றாம் வகுப்பில் பெரும்பகுதி அந்த மரப்பலகையோடு போயிருக்கிறது. அந்த ஆசிரியையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அவர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அதைவிட அதிகம். ஒருத்திக்குப் பென்சில் முனை உடைந்திருக்கும், ஒருவன் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருப்பான், ஒருவன் பாத்ரூம் போக வேண்டும் என்று நெளிந்துகொண்டிருப்பான். இதற்கிடையில் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தை தொந்தரவு இல்லாத குழந்தை. தொந்தரவு இல்லாதவர்களைப் பார்ப்பதற்கு அந்த நாளில் நேரமே மிஞ்சுவதில்லை.

தலை கவிழ்வது ஒரு பக்கம் என்றால், தலைமை தாங்குவது இன்னொரு பக்கம். சில நாட்களில் மிஸ் அவளை எழுப்பி, கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, பேசுகிறவர்கள் பெயரை எழுதச் சொல்வார். அல்லது எழுதாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்வார். இந்தச் சட்டாம்பிள்ளை வழக்கம் நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இருந்ததுதான். அது உலகச் சரித்திரத்துக்குள் போன வழியும் சென்னையிலிருந்துதான் தொடங்குகிறது. 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு எழுத்து வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். பெல் ஊர் திரும்பி 1797இல் இதைப் புத்தகமாக எழுத, மெட்ராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகள் என்பதுதான் அதன் கவர்ச்சி. எனக்கு அந்த எட்டு வயதுப் பையன்தான் நினைவில் நிற்கிறான். மற்றவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த அந்த மாதங்களில் அவனுக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? மாலையில் விளையாட்டுக்கு அவனைச் சேர்த்துக்கொண்டார்களா? சொல்லிக்கொடுப்பதில் கற்றல் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு வயதில் ஒரு குழந்தைக்குத் தெரிந்ததெல்லாம் ஆசிரியரின் இன்னொரு கையாக மாறிவிட்டால், அவள் தோழிகளின் வரிசையிலிருந்து வெளியே வந்துவிடுகிறாள். பெயர் எழுதியவளுடன் மதியம் யாரும் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. இதையும் அவளே சொன்னாள், சாதாரணமாக, மழை வந்தது என்று சொல்கிற மாதிரி.

ஆக, தெரிந்ததைக் காட்டினால் அவளுக்குக் கிடைப்பது இரண்டு. ஒன்று, தனியே டெஸ்க்கில் தலை கவிழ்ந்து கிடப்பது. மற்றது, தனியே கரும்பலகை ஓரத்தில் நிற்பது. எட்டு என்று எழுதினால் கிடைப்பது ஒரு தோழி. இப்படிப் பார்க்கும்போது அவள் செய்தது தவறான கணக்கே இல்லை என்றும் தோன்றுகிறது. அந்த எட்டில் ஒரு பிரியம் இருக்கிறது. அதை நான் கண்டித்துத் திருத்தினால், தோழியைவிட ஏழுதான் பெரிது என்று சொன்னவளாவேன். அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை, விருப்பமும் இல்லை. அதே சமயம், அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற பயமும் போகவில்லை. ஒளித்துவைப்பது பழக்கமாகிவிட்டால், எதற்காக ஒளித்தோம் என்பது ஒரு நாள் மறந்துபோகும். பிறகு ஒளித்த பொருளே மறந்துபோகும்.

இந்தப் பயத்தோடுதான் வில்லியம் ஜேம்ஸ் சிடிஸ் என்பவரைப் பற்றிப் படித்தேன். 1898இல் பிறந்தவர். அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடிய குழந்தை. பதினொரு வயதில் ஹார்வர்டில் சேர்க்கப்பட்டு, 1910 ஜனவரியில் அங்குள்ள கணித அறிஞர்கள் முன்னால் நான்கு பரிமாண வடிவங்களைப் பற்றிப் பேசியவர். தந்தை உளவியலாளர், தன் வளர்ப்பு முறையின் வெற்றி என்று மகனை உலகுக்குக் காட்டினார். வளர்ந்தபின் சிடிஸ் செய்ததெல்லாம் ஒளிந்துகொண்டதுதான். கூட்டல் இயந்திரத்தை ஓட்டும் சாதாரணக் குமாஸ்தா வேலைகளைத் தேடிப் போனார். இவர் யார் என்று அலுவலகத்தில் தெரிந்துவிட்டால் வேலையை விட்டுவிடுவார். டிராம் வண்டிகளின் மாற்றுச் சீட்டுகளைச் சேகரித்தார். 1926இல் அவற்றைப் பற்றியே ஒரு தடித்த புத்தகத்தைப் புனைபெயரில் வெளியிட்டார். 1937இல் நியூயார்க்கர் பத்திரிகை அவரைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த மேதைக் குழந்தை இப்போது எங்கே என்று எழுதியது. என்னைத் தனியே விடுங்கள் என்று வழக்குப் போட்டார். ஒரு காலத்தில் பொதுமக்கள் பார்வையில் இருந்தவரைப் பற்றி அறியப் பொதுமக்களுக்கு ஆர்வம் இருப்பது இயல்பு என்று 1940இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1944இல், 46 வயதில் இறந்துபோனார். இவர் வாழ்க்கையைத் தோல்வி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிராம் சீட்டுகளை அவர் உண்மையிலேயே நேசித்தார் என்றால் அதில் என்ன தோல்வி? என்னைக் கலங்கடிப்பது வேறு. பதினொரு வயதில் அவரை மேடையில் நிறுத்தியவர்கள் யாரும் அவரைக் கேட்டு நிறுத்தவில்லை. கீழே இறங்கி ஒளிந்துகொள்ள வேண்டும் என்று அவர் விரும்பியபோது, அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை.

மேடை நம் வீட்டுக் கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. விருந்தாளி வந்து உட்கார்ந்து காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள், பதினேழாம் வாய்பாட்டை மாமாவுக்குச் சொல்லிக்காட்டு என்ற குரல் வந்துவிடும். சொந்தக்காரர்கள் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நாடுகளின் தலைநகரங்களை ஒப்பிக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சான்றிதழும் பதக்கமும் தரும் சாதனைப் புத்தகங்கள் இன்று தெருவுக்குத் தெரு பேசப்படுகின்றன. எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் குறுக்கே நின்றவர் என் மாமியார். மகளுக்கு அப்பாயி. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். பிள்ளையை நாலு பேர் முன்னால் ஒப்பிக்கச் சொன்னால், "வேணாம்த்தா, கண்ணு பட்டுரும்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விடுவார். அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார். அவருடைய அச்சத்தை அறிவியல் என்று நிறுவ நான் வரவில்லை. திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சில புதிர்களைக் கொடுத்து, முடித்ததும் சிலரிடம் நீ ரொம்பப் புத்திசாலி என்றார்கள், சிலரிடம் நன்றாக உழைத்தாய் என்றார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுத்த முறை எளிதான புதிரையே தேர்ந்தெடுத்தார்கள். கடினமானது வந்தபோது சோர்ந்தார்கள். வாங்கிய மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். பாராட்டில் ஓர் ஆபத்து உண்டு என்பது அப்பாயிக்கு வேறு வழியில் தெரிந்திருந்தது. அவர் சுற்றிப்போட்ட மிளகாயின் நெடியில் எல்லோரும் இருமினோம். குழந்தை மட்டும் அவர் புடவைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தது.

பெண்குழந்தை என்பதால் இதில் இன்னொரு முடிச்சு விழுகிறது. பெற்றோர் கூட்டத்தில் அவளைப் பற்றிச் சொன்னது ஒரே வாக்கியம். ரொம்ப அமைதி, ரொம்ப அடக்கம், இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருந்த பையனின் அம்மாவிடம், இவன் படபடவென்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறான், அடக்கவே முடியவில்லை, ஒலிம்பியாட்டுக்குத் தயார் பண்ணுங்கள் என்றார்கள். அடங்காத அறிவு பையனிடம் இருந்தால் கண்ணில் படுகிறது. அடங்கிய அறிவு பெண்ணிடம் இருந்தால் குணமாகிவிடுகிறது. நிறைகுடம் தளும்பாது என்று நானும் வளர்ந்த வீட்டில் கேட்டிருக்கிறேன். அது நிறைந்தபின் பெரியவர்களுக்குச் சொன்னது. ஆறு வயதில், இன்னும் நிறைந்துகொண்டே இருக்கும் பருவத்தில், தளும்பாதே என்று சொன்னால் நீர் ஊற்றுவதை நிறுத்து என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். என் வயதுப் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காதவர்கள். அலுவலகக் கூட்டத்தில் தான் கண்டுபிடித்ததைப் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும் என்று காத்திருப்பவர்கள். அவர்கள் எல்லோரும் இந்த வயதில்தான், இப்படி ஒரு நோட்டில்தான், முதல் ஏழை அழித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஆளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் டபுள் புரமோஷன் கொடுத்து மேல்வகுப்பில் உட்காரவைத்துவிடுவார்கள், தலைமை ஆசிரியரிடம் கேட்டுப்பார் என்கிறார் என் தந்தை. வகுப்பு மாற்றினால் பாடம் மாறும். மூன்றாம் மாதம் அதையும் முடித்துவிட்டுத் தலை கவிழ்வாள், இந்த முறை தன்னைவிட ஒரு முழம் உயரமான பிள்ளைகளுக்கு நடுவில். ஐக்யூ பரிசோதனை செய்து வாங்கு, பள்ளியில் காட்டலாம் என்கிறாள் தோழி. அந்தப் பரிசோதனையின் தொடக்கத்தை நினைத்துப்பார்க்கிறேன். 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே அதை உருவாக்கியது, எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டறிவதற்காக. பின்னர் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் அதையே மேதைகளைப் பொறுக்கும் சல்லடையாக்கினார். அவர் பொறுக்கிய ஆயிரத்து ஐந்நூறு பிள்ளைகளில் ஒருவர்கூட நோபல் வாங்கவில்லை. சல்லடையில் தேறாமல் வெளியே போன வில்லியம் ஷாக்லி 1956இலும், லூயிஸ் ஆல்வரெஸ் 1968இலும் வாங்கினார்கள். எண் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவளிடம் எப்படிப் பேசுவேன் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் ஒருவர் சொன்னதை மட்டும் ஒதுக்க முடியவில்லை. நியூயார்க்கில் இத்தகைய பிள்ளைகளோடே பல ஆண்டுகள் இருந்த லீட்டா ஹாலிங்வொர்த், சாதாரணப் பள்ளியில் 140 ஐக்யூ உள்ள குழந்தையின் நேரம் பாதி வீணாகிறது, 170க்கு மேல் என்றால் கிட்டத்தட்ட முழுவதும் வீணாகிறது என்று எழுதினார். அவர் இறந்தபின், 1942இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் பாடத்தைவிட விளையாட்டைப் பற்றிய கவலைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இந்தப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் சிக்கலான விதிகளைப் போடுகிறார்கள், மற்ற பிள்ளைகள் சலித்து விலகிவிடுகிறார்கள், இவர்கள் தனியாகிவிடுகிறார்கள். பாடம் முடிந்துபோவதல்ல, ஈடு கொடுக்க ஆள் இல்லாமல் போவதே துயரம்.

ராமானுஜனைப் பற்றிப் பேசும்போதும் நாம் நோட்டுப்புத்தகங்களையும் கேம்பிரிட்ஜையும்தான் பேசுகிறோம். ராபர்ட் கனிகல் எழுதிய வரலாற்றில் எனக்குப் பிடித்த இடங்கள் இரண்டும் அவருடைய சிறுவயதில் இருக்கின்றன. கும்பகோணத்திலிருந்து சென்னைக்குக் கூட்டிவந்து பள்ளியில் போட்டபோது அந்தச் சிறுவனுக்குப் பள்ளி பிடிக்கவில்லை. போகாமல் தப்பப் பார்த்தான். ஒழுங்காகப் போகிறானா என்று பார்க்க வீட்டார் உள்ளூர் போலீஸ்காரர் ஒருவரையே ஏற்பாடு செய்தார்கள். 1897இல், பத்து வயதுக்குள், தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாகத் தொடக்கப்பள்ளித் தேர்வில் தேறப்போகிற பிள்ளைக்கு அந்த நிலை. மற்றது, தாய் கோமளத்தம்மாளும் அவரும் ஆடுபுலி ஆட்டம் ஆடியது. பதினைந்து ஆடு, மூன்று புலி. அந்த வீட்டில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, விட்டுக்கொடுக்காமல் காய் நகர்த்த ஒருவர் இருந்தார். பள்ளிக்கு இழுத்துப்போக ஒரு போலீஸ்காரர், வீட்டுத் திண்ணையில் எதிர் ஆட ஒரு தாய். இந்த இரண்டில் எது அந்தப் பிள்ளைக்கு உதவியிருக்கும் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கள் வீட்டில் அந்த இடத்தில் இருப்பவர் அப்பாயி. பல்லாங்குழிப் பலகையில் அவர் வாரும் வேகத்தைப் பார்க்க வேண்டும். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. கை இறங்குவதற்கு முன்பே கண் பதினான்கு குழியையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். எந்தக் குழியில் எடுத்தால் எங்கே கை முடியும், அடுத்த வெற்றுக் குழி எது, எந்தக் குழியில் நான்கு சேர்ந்து பசுவாகும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். பேத்தி என்று இரக்கம் காட்டமாட்டார். ஆட்டத்துக்கு ஆட்டம் அவள் தோற்றாள். அழுதாள். பலகையைத் தள்ளிவிட்டுப் போனாள். தானே திரும்பி வந்து குழிகளில் கொட்டையை எண்ணிப் போட்டாள். ஒரு நாள், எடுக்கப்போன கையை அந்தரத்தில் நிறுத்தி, உதடு அசைய எண்ணி, வேறு குழிக்கு மாற்றினாள். அப்பாயி நிமிர்ந்து பார்த்தார். "அட, பாத்துட்டியாடி" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. அந்த ஆட்டத்திலும் அவள் தோற்றாள் என்றாலும், அவள் முகத்தை நான் பார்த்தேன். ஸ்டார் வாங்கிய எந்த நாளிலும் அந்த முகத்தைக் கண்டதில்லை. அப்பாயியிடம் அவள் எதையும் ஒளிப்பதில்லை. ஒளிக்க இடமும் இல்லை, தேவையும் இல்லை. தனக்குத் தெரியாதது ஒன்று எதிரில் இருக்கும்போது, தெரிந்ததை மறைத்துக்கொள்ள எந்தக் குழந்தைக்குத் தோன்றும்?

இவ்வளவு தூரம் யோசிக்க எனக்கு நேரமும் வசதியும் இருக்கிறது என்பதும் உறுத்தத்தான் செய்கிறது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி நேச்சர் இதழில் 2025இல் ஓர் ஆய்வு வந்தது. பல பொருட்களின் விலையைத் தாளும் பென்சிலும் இல்லாமல் மனதுக்குள்ளேயே கூட்டி, மீதிச் சில்லறை சரியாகக் கொடுக்கும் அந்தப் பிள்ளைகள், அதைவிட எளிய கணக்கைப் பள்ளிக்கூட வடிவத்தில் எழுதிக் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். அவர்கள் ஒளித்துவைக்கவில்லை, அவர்களுக்குத் தெரிந்ததைப் பள்ளிக்குப் பார்க்கத் தெரியவில்லை. திருச்சி காந்தி மார்க்கெட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரைக் கட்டுக்குச் சில்லறை எண்ணும் பிள்ளைக்கு யார் ஐக்யூ பார்க்கப்போகிறார்கள்? அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு நோட்டுத் தாளைத் தடவிப் பார்க்க எப்போது நேரம் கிடைக்கும்? என் மகளுக்குத் தனி ஏற்பாடு கேட்டுப் பள்ளிப் படியேறும்போது, இந்தப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்காவிட்டால் நான் கேட்பதில் நியாயம் இல்லை.

இரண்டு பேருக்கும் பொருந்துகிற ஓர் ஏற்பாட்டை நம் அரசுப் பள்ளிகள் முயன்று பார்த்திருக்கின்றன என்பதை இங்கே சொல்ல வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு தமிழகம் முழுவதும் போன செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஏணிப்படியில் தங்கள் இடம் எது என்று தாங்களே பார்த்து, அதற்கான அட்டையை எடுத்து, முடித்ததும் அடுத்த அட்டைக்குப் போனார்கள். ஒருவர் முடிக்க மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பதைவிட, எதுவரை தெரியும் என்பதுதான் அங்கே கேள்வி. இவற்றின் நோக்கம் பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்கி விடுவதுதான், முந்திப் போகிற பிள்ளையைப் பற்றி அவை பெரிதாக யோசிக்கவில்லை. நடைமுறையில் குறைகளும் இருந்தன. பதிவேடு எழுதியே ஓய்ந்துபோனோம் என்று ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருந்தாலும் அந்த அறையில் ஹெட் டவுன் என்ற ஒன்றுக்கு வேலை இல்லை. கட்டணம் கட்டிப் படிக்கவைக்கும் பள்ளிகளில், நாற்பது பிள்ளைகள் ஒரே பக்கத்தை ஒரே நிமிடத்தில் திருப்புவதுதான் ஒழுங்கு என்று நம்பப்படுகிறது.

பள்ளிக்குப் போய்ப் பேசினேன். மகள் கெட்டிக்காரி என்று சொல்லவில்லை. முடித்துவிட்ட பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று மட்டும் கேட்டேன். யோசிக்கிறோம் என்றார்கள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். வகுப்பின் மூலையில் ஒரு பெட்டி வையுங்கள். அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்து வெளியிட்டிருக்கும் சின்னப் புத்தகங்களைப் போடலாம். ஒரு பல்லாங்குழிப் பலகை, ஆடுபுலிக் கட்டம் வரைந்த அட்டை, விடை சட்டென்று வராத நாலு புதிர்கள் போதும். முடித்த பிள்ளை எழுந்துபோய் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும், கூட ஒரு பிள்ளையை அழைத்துக்கொள்ளவும் விடுங்கள். தயவுசெய்து முடித்த பிள்ளையைத் தலை கவிழ்ந்து படுக்கச் சொல்லாதீர்கள்.